பொன்னாடையைத் திருப்பி அனுப்புகிறேன்

கிறிஸ்துவுக்குள் அன்பான ஆயர் ஐயா அவர்களுக்கும், சேகரக் குழுச் செயலருக்கும், குழு உறுப்பினர்களுக்கும், பெண்கள் ஐக்கிய சங்கத்துச் சகோதரிகளுக்கும் தோத்திரம்.

கடந்த செப்டம்பரில் ஆசிரியர் தினத்தை ஒட்டி வந்த ஞாயிற்றுக்கிழமை, ஆராதனை முடிந்ததும் என்னை முன்னே அழைத்து நீங்கள் போர்த்திய பொன்னாடையை இந்த மடலோடு திருப்பி அனுப்புகிறேன். ஐந்து மாதம் பீரோவில் வைத்திருந்தேன். திறக்கும்போதெல்லாம் கண்ணில் பட்டது. கோபத்தில் எடுத்த முடிவாக இதை எண்ண வேண்டாம்; பல நாள் ஜெபித்து, கணவரிடமும் அத்தையிடமும் பேசிய பிறகே எழுதுகிறேன். பாராட்டு சபைக்கு முன்னால் நடந்தது. ஆகவே என் பதிலும் சபையார் எல்லாரும் படிக்கும்படி இருக்கட்டும்.

அன்று ஒலிபெருக்கியில் நீங்கள் சொன்னது சொல்லுக்குச் சொல் நினைவிருக்கிறது. தஞ்சாவூரில் பல்கலைக்கழகப் பேராசிரியை, வீட்டில் நல்ல மனைவி, இரண்டு பிள்ளைகளுக்குத் தாய், மாமியாரைத் தாங்குகிற மருமகள், சபையில் ஞாயிறு பள்ளிப் பொறுப்பாளர், பாடகர் குழுவில் ஒருவர், சபை நிர்வாகத்தைக் கவனிக்கும் சேகரக் குழுவிலும் ஒருவர். "இந்தச் சகோதரியால் முடிகிறதே, வீட்டிலேயே இருக்கிற உங்களால் ஏன் முடியவில்லை?" என்று பெண்கள் உட்கார்ந்திருந்த பக்கம் திரும்பிக் கேட்டீர்கள்.

நான்காம் வரிசையில், மடியில் ஒன்பது மாதக் குழந்தையோடு ஓர் இளம்பெண் உட்கார்ந்திருந்தாள். ஞாயிறு பள்ளிக்குப் பெயர் கொடுத்துவிட்டு, பிரசவத்துக்குப் பிறகு வர முடியாமல் போனவள். உங்கள் கேள்வி யாரை நினைத்துக் கேட்கப்பட்டதோ, அவளிடம்தான் போய்ச் சேர்ந்தது. அவள் தலை குனிந்ததைப் பீடத்தருகே நின்றபடி பார்த்தேன். அதற்குப் பிறகு அவள் சங்கக் கூட்டத்துக்கு வரவில்லை. வீட்டுக்குத் தேடிப் போனேன். "கர்த்தர் உங்களுக்குக் கொடுத்த பலத்தை எனக்குக் கொடுக்கவில்லை அக்கா" என்றாள். என் தோளில் போர்த்திய துணி அவள் முதுகில் சவுக்காக விழுந்திருக்கிறது. அன்று அவள் வீட்டுத் திண்ணையிலேயே சொல்லியிருக்க வேண்டும், எனக்கும் அந்தப் பலம் இல்லை என்று. வாய் வரவில்லை. இப்போது சொல்கிறேன்.

அதே ஞாயிறு மதியம், சாப்பிட்ட தட்டைக் கழுவி வைத்துவிட்டு என் மகள் கேட்டாள்: "அம்மா, அந்தப் பாராட்டுக்கு என்னையும் பாட்டியையும் ஏன் கூப்பிடவில்லை?" அவளுக்குப் பன்னிரண்டு வயது. பொறாமையில் கேட்கவில்லை, கணக்குக் கேட்பது போல நிதானமாகக் கேட்டாள். அந்தக் கணக்கைத்தான் உங்கள் முன் வைக்க விரும்புகிறேன்.

காலை ஏழே காலுக்கு எனக்குக் கும்பகோணத்தில் பஸ். பாபநாசம், அய்யம்பேட்டை வழியாகத் தஞ்சாவூர் நாற்பது கிலோமீட்டர். மாலை திரும்பி வீட்டுப் படியேறும்போது ஏழு மணி ஆகிவிடும். கணவருக்கு நாகப்பட்டினத்தில் வேலை; சனிக்கிழமை இரவு வந்து திங்கள் விடியலில் போய்விடுவார். பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்புவதும், மாலையில் வந்ததும் அவர்களுக்கு ஏதாவது கொடுப்பதும், சின்னவனைக் குளிக்க வைப்பதும் அத்தைதான். அத்தைக்கு எழுபத்து நான்கு வயது, சர்க்கரை நோய், இரண்டு முழங்காலும் தேய்ந்துவிட்டன. மாமியாரைத் தாங்குகிற மருமகள் என்று என்னைச் சொன்னீர்கள். தாங்கியது அவர். பாத்திரம் துலக்கவும் துணி துவைக்கவும் ஓர் அக்கா வருகிறார். நான் டிசம்பரில் வீடு வீடாகக் கிறிஸ்மஸ் பாட்டுப் பாடும் கீத பவனிக்குப் போன இரவுகளில், தன் வீட்டு வேலையை விட்டுவிட்டு எங்கள் வீட்டில் வந்து படுத்துக்கொண்டவர் அவர். நம் சபையைச் சேர்ந்தவர்கூட இல்லை. ஆதிகும்பேசுவரர் கோயிலுக்குப் போகிறவர்.

இரண்டு ஆண்டுகளுக்கு முன்பு ஒரு டிசம்பர் இரவு. அன்று அந்த அக்காவால் வர முடியவில்லை. கீத பவனி முடிந்து பதினொன்றரைக்கு வீடு திரும்பினேன். வாசல் விளக்கு எரிந்துகொண்டிருந்தது. அத்தை கூடத்தில் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார்கள், முகம் வெளுத்திருந்தது. ஒன்பதரை மணிக்கே சர்க்கரை இறங்கி மயக்கம் வந்திருக்கிறது. மகள் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் கொடுத்து, தம்பியைத் தூங்க வைத்து, பாட்டியின் கையைப் பிடித்தபடி இரண்டு மணி நேரம் உட்கார்ந்திருக்கிறாள். ஏன் எனக்குப் போன் செய்யவில்லை என்று கேட்டேன். "நீங்கள் பாடிக்கொண்டிருப்பீர்களே அம்மா, ஊழியத்தில் தொந்தரவு செய்யக் கூடாதல்லவா?" என்றாள். பத்து வயதுப் பிள்ளைக்கு அந்த வார்த்தையை யார் சொல்லிக் கொடுத்தது? ஞாயிறு பள்ளியில் நான்தான் சொல்லிக் கொடுத்திருக்கிறேன்.

என் அப்பா தலைஞாயிறு பக்கத்தில் ஒன்பது மா நிலம் வைத்திருந்த விவசாயி. எங்கள் வயல் கடைமடை, வாய்க்காலின் கடைசி முனை. ஜூன் 12ஆம் தேதி மேட்டூர் அணையைத் திறந்துவிட்டார்கள் என்று செய்தி வந்த பிறகும், எங்கள் வாய்க்காலில் தண்ணீர் தலைகாட்டப் பல நாள் ஆகும். சில வருஷம் வரவே வராது. மேலே உள்ளவர்கள் யாரும் கெட்டவர்கள் இல்லை. அவரவர் வயலுக்கு அவரவர் மடையைத் திறந்துகொண்டார்கள், அவ்வளவுதான். இத்தனை ஆண்டுகளில் என் நாளின் தலைமடையில் பல்கலைக்கழகம் இருந்தது, நடுவில் சபை இருந்தது, என் வீடு கடைமடையாகக் கிடந்தது. டெல்டாவில் பிறந்தவர்களுக்கு இதற்கு மேல் விளக்கம் வேண்டாம்.

பல்கலைக்கழகமாவது தன் பங்கை முழுதாகப் பெற்றதா என்றால் அதுவும் இல்லை. பல்கலைக்கழக மானியக் குழுவின் 2018ஆம் ஆண்டு விதிகளின்படி முழுநேர ஆசிரியரின் வாரப் பணி 40 மணி நேரம். அதில் இணைப் பேராசிரியர் வகுப்பில் நேரடியாகக் கற்பிக்க வேண்டியது 14 மணி நேரம். பதினான்கு மணி நேரம்தானே என்று நம் குழுவிலேயே ஒருவர் ஒருமுறை சொன்னார். ஒரு மணி நேரப் பாடத்துக்கு எத்தனை மணி நேரம் படிக்க வேண்டும் என்பதை அவர் அறியமாட்டார். அறிய வாய்ப்பும் இல்லை, அவர்மேல் எனக்கு வருத்தம் கிடையாது. அகமதிப்பீடு, விடைத்தாள் கட்டுகள், பாடத்திட்டக் கூட்டங்கள், தர மதிப்பீட்டுக்கான கோப்புகள், இவற்றுக்கு நடுவில் ஆய்வு மாணவர்கள். நவம்பரில் பருவத் தேர்வு, டிசம்பரில் விடைத்தாள் திருத்தம். நம் சபையில் அதே நவம்பரில் கிறிஸ்மஸ் பாட்டுப் பயிற்சி தொடங்குகிறது, டிசம்பர் முழுவதும் கீத பவனியும் ஞாயிறு பள்ளி நாடகமும். ஏப்ரல், மே மாதங்களில் மறுபடியும் தேர்வு, திருத்தம். இங்கே ஈஸ்டருக்கு முந்தைய லெந்து காலக் கூட்டங்களும், அடுத்து விடுமுறை வேதாகமப் பள்ளியும். இரண்டு நாட்காட்டியும் ஒன்றின்மேல் ஒன்று ஏறி உட்காருகின்றன.

விளைவைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது, ஆனாலும் சொல்ல வேண்டும். மூன்று ஆண்டுகளாக ஒரே குறிப்பேட்டை வைத்துப் பாடம் நடத்தினேன். புதிதாக வந்த புத்தகங்களைப் படிக்கவில்லை. என்னிடம் ஆய்வு செய்கிற ஒரு மாணவி வேதாரண்யம் உப்பளத் தொழிலாளியின் மகள். குடும்பத்தில் முதல் பட்டதாரி. 1930இல் ராஜாஜி தலைமையில் திருச்சிராப்பள்ளியிலிருந்து வேதாரண்யத்துக்கு நடந்துபோய் உப்பு எடுத்த சத்தியாக்கிரகத்தைப் பலரும் எழுதிவிட்டார்கள்; அந்த மண்ணில் தலைமுறை தலைமுறையாக உப்பு வாரிய பெண்களைப் பற்றி இவள் எழுதுகிறாள். அவளுடைய இரண்டாம் இயல் என் மேசையில் நான்கு மாதம் படிக்கப்படாமல் கிடந்தது. அவளுக்கு ஆய்வு உதவித்தொகை முடியப் போகிறது, வீட்டில் கல்யாணப் பேச்சு நடக்கிறது. ஒரு நாள் தயங்கித் தயங்கி என் அறை வாசலில் நின்றாள். அந்த வாரம் நான் விடுமுறை வேதாகமப் பள்ளிக்குப் படம் வெட்டிக்கொண்டிருந்தேன்.

ஐயா, இந்த இடத்தில் உங்களிடம் ஒன்று கேட்கிறேன். அந்தப் பெண்ணின் இயலைப் படித்துத் திருத்திக் கொடுப்பது ஊழியம் ஆகாதா? சபை வளாகத்துக்குள் நடப்பது மட்டும் தேவனுடைய வேலை, வெளியே நடப்பது சம்பளத்துக்கான வேலை, வீட்டில் நடப்பது வேலையே இல்லை என்று ஒரு கணக்கு நம்மிடம் இருக்கிறது. யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை. ஆனால் ஆண்டறிக்கையில் எதை எழுதுகிறோம், எதை விடுகிறோம் என்று பாருங்கள், தெரியும்.

ஒவ்வொரு ஆண்டும் மாணவர்களைத் தரங்கம்பாடிக்கு அழைத்துப் போகிறேன். ஜெர்மானிய மிஷனரி சீகன்பால்க் 1706 ஜூலை 9 அன்று அங்கே வந்து சேர்ந்ததையும், பிள்ளைகளோடு உட்கார்ந்து மணலில் எழுதித் தமிழ் கற்றதையும், 1715இல் தமிழில் புதிய ஏற்பாடு அச்சேறியதையும், 1718இல் புதிய எருசலேம் ஆலயம் கட்டப்பட்டதையும் சொல்வேன். 1719 பிப்ரவரியில் அவர் இறந்தபோது வயது 36. நம் பிரசங்கங்களில் அவரை எரிந்து தீர்ந்த விளக்கு என்கிறோம், நாமும் அப்படி எரிய வேண்டும் என்கிறோம். அவர்மேல் எனக்கு அளவில்லாத மரியாதை உண்டு. ஆனால் வரலாறு கற்பிப்பவள் என்பதால் என் கண் வேறு சிலரையும் தேடுகிறது. 1716இல் அவரை மணந்து கடல் கடந்து வந்த மரியா டொரோத்தியா, மூன்று ஆண்டு முடிவதற்குள் விதவையானார். எந்த ஜூலைப் பிரசங்கத்திலும் அந்த அம்மாளின் பெயரை நான் கேட்டதில்லை. தமிழில் சீகன்பால்குக்குத் துணைநின்ற அழகப்பன் போன்றவர்களின் பெயரும் அரிதாகவே வருகிறது. எரிந்த விளக்கைப் புகழ்கிறோம்; எண்ணெய் ஊற்றியவர்களை மறந்துவிடுகிறோம்.

வேதத்திலிருந்தே ஒன்றைச் சொல்கிறேன், நீங்கள் என்னைவிட நன்றாக அறிந்ததுதான். யாத்திராகமம் 18ஆம் அதிகாரத்தில் எத்திரோ மோசேயிடம் வருகிறார். அந்த அதிகாரத்தில் ஆலோசனைப் பகுதியை மட்டுமே தலைமைத்துவப் பயிற்சிகளில் வாசிக்கிறோம்: காலைமுதல் மாலைவரை தனி ஒருவராக உட்கார்ந்து நியாயம் விசாரிக்காதே, பாரத்தைப் பகிர்ந்து கொடு என்று மாமனார் சொன்னது. அதற்கு முன்னால் உள்ள வசனங்களை வாசிப்பதில்லை. எத்திரோ வெறுங்கையோடு வரவில்லை. மோசே தன்னிடம் திருப்பி அனுப்பியிருந்த மனைவி சிப்போராளையும் இரண்டு பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு வருகிறார். மறுநாளே மருமகன் பொழுது முழுவதும் ஜனங்களுக்கு நடுவில் உட்கார்ந்திருப்பதைப் பார்க்கிறார். மகளையும் பேரப் பிள்ளைகளையும் கொண்டுவந்து விட்ட ஒரு மனிதர் அந்தக் காட்சியைப் பார்த்தபோது என்ன நினைத்திருப்பார் என்று நான் பல முறை யோசித்திருக்கிறேன். நீ செய்வது நல்லதல்ல என்று அவர் சொன்னது அந்த மறுநாளில்தான்.

நம் சபையால் வேறு விதமாக நடக்க முடியும் என்று எனக்குத் தெரியும். கண்ணால் பார்த்திருக்கிறேன். 2018 நவம்பர் 16 அதிகாலை கஜா புயல் வேதாரண்யத்தை ஒட்டிக் கரை கடந்தது. பட்டுக்கோட்டை, பேராவூரணி பக்கம் தென்னை எல்லாம் சாய்ந்து கிடந்தது. என் அப்பா வீட்டு ஓடும் பறந்துவிட்டது. அன்று மாலையே சபைக் கூடத்தில் அடுப்பு மூட்டினோம். அரிசி களைந்தது யார், வெங்காயம் உரித்தது யார், விடியற்காலை நான்கு மணிக்குச் சாம்பார் சாதம் கிளறியது யார்? நம் குழு மூப்பர்கள், வங்கியிலிருந்து ஓய்வு பெற்ற அண்ணன்மார், வாலிபர் சங்கத்துப் பையன்கள். பெண்கள் பொட்டலம் கட்டினோம், வேனில் ஏறினோம். மூன்று நாள் ஒரு குழு, அடுத்த மூன்று நாள் வேறு குழு. என் முறை முடிந்ததும் வீட்டுக்குப் போனேன். ஏன் வரவில்லை என்று யாரும் கேட்கவில்லை, யாருக்கும் பொன்னாடை போர்த்தவும் இல்லை. அந்தப் பதினைந்து நாள் போல நம் சபை சபையாக இருந்த நாள் எனக்கு நினைவில்லை. அதற்கடுத்து வந்த அறுப்பின் பண்டிகையில் ஆண்கள் மறுபடி பந்தியில் உட்கார்ந்தார்கள், பெண்கள் அடுப்படிக்குப் போனோம்.

தண்ணீர் குறைந்த வருஷங்களில் எங்கள் பக்கத்தில் முறை வைத்து விடுவார்கள். இந்த ஆற்றுக்கு இத்தனை நாள், அந்த ஆற்றுக்கு இத்தனை நாள். தன் முறை முடிந்ததும் மடையை அடைத்தாக வேண்டும். அடைப்பதை யாரும் சோம்பல் என்று சொல்வதில்லை. சபை வேலைக்கும் முறை வையுங்கள் என்பதுதான் என் விண்ணப்பம். ஞாயிறு பள்ளியில் முப்பத்து நான்கு பிள்ளைகள் இருக்கிறார்கள். கற்பிக்கிற ஆறு பேரும் பெண்கள், ஆறு பேரும் வேலைக்குப் போகிறவர்கள். பதினொரு ஆண்டாக நான் பொறுப்பில் இருக்கிறேன், ஏனென்றால் விலகுகிறேன் என்று சொல்ல ஒரு வழி இல்லை. மூன்று ஆண்டு ஒருவர் செய்யட்டும், பிறகு ஒரு வருஷம் அவர் சும்மா வந்து பெஞ்சில் உட்கார்ந்து பாட்டுக் கேட்கட்டும். அந்த வருஷத்தில் அவருக்கு விசுவாசம் குறைந்துவிட்டதோ என்று வீட்டுக்கு வந்து விசாரிக்க வேண்டாம். ஆண்கள் ஞாயிறு பள்ளியில் பாடம் எடுக்கட்டும். என் கணவர் தயாராக இருக்கிறார். இதுவரை யாரும் அவரைக் கேட்டதில்லை, என்னை மட்டுமே கேட்டிருக்கிறார்கள். தன் வீட்டை நடத்தத் தெரியாதவன் சபையை எப்படி விசாரிப்பான் என்ற பொருளில் பவுல் தீமோத்தேயுவுக்கு எழுதியது ஆண்களைக் குறித்துத்தான், பெண்களைக் குறித்து அல்ல என்பதையும் பணிவோடு நினைவுபடுத்துகிறேன்.

புதன்கிழமை மாலை ஐந்தரைக்குச் சேகரக் குழு கூடுகிறது. ஐந்தரைக்கு நான் அய்யம்பேட்டையைக்கூடத் தாண்டியிருக்கமாட்டேன். கடந்த ஆண்டு நான் வந்த கூட்டங்கள் மூன்று. தீர்மானங்கள் எல்லாம் ஆகிவிட்ட பிறகு கையெழுத்துக்கு நோட்டு மட்டும் என் வீட்டுக்கு வரும். தென்னிந்தியத் திருச்சபை 1976இலேயே ஒரு பெண்ணுக்குக் குருப்பட்டம் அளித்த திருச்சபை. அதன் ஒரு சேகரத்தில் பெண்களுக்குக் குழுவில் இடம் இருக்கிறது, வந்து உட்கார நேரம் இல்லை. ஞாயிறு ஆராதனை முடிந்ததும் ஒரு மணி நேரம் கூடலாம். அந்த ஒரு மணி நேரம் பிள்ளைகளை வாலிபர் சங்கத்தார் பார்த்துக்கொள்ளலாம்.

இன்னொன்று. பீடத்திலிருந்து ஒருவர் பெயரைச் சொல்லிப் பொறுப்பை அறிவிப்பதை நிறுத்துங்கள், ஐயா. எல்லாருக்கும் முன்னால் பெயர் சொன்ன பிறகு எந்தப் பெண்ணால் மறுக்க முடியும்? முன்கூட்டியே வீட்டில் வந்து கேளுங்கள். அவள் முடியாது என்று சொன்னால், அதற்குக் காரணம் கேட்காமல் ஒரு ஜெபம் செய்துவிட்டு எழுந்து வாருங்கள்.

நான் சபையை விட்டுப் போகப் போவதில்லை. எங்கே போவேன்? என் கல்யாணம் அந்தப் பீடத்தின் முன் நடந்தது, பிள்ளைகள் இருவருக்கும் அங்கேதான் ஞானஸ்நானம், மாமாவின் கல்லறை நம் தோட்டத்தில் இருக்கிறது. பாடகர் குழுவை விட எனக்கு மனம் வரவில்லை. பாட்டு எனக்கு மூச்சு. அதை மட்டும் வைத்துக்கொள்கிறேன். ஞாயிறு பள்ளிப் பொறுப்பையும் குழு உறுப்பினர் இடத்தையும் இந்த ஈஸ்டரோடு விடுகிறேன். அத்தையின் முழங்காலுக்கு வைத்தியம் பார்க்க மருத்துவமனைக்கு அலைய வேண்டியிருக்கிறது. வேதாரண்யத்துப் பெண்ணின் ஆய்வேடு ஜூனுக்குள் முடிய வேண்டும். மூன்றாம் இயல் நேற்று வந்தது, இன்றிரவு படிக்கத் தொடங்குகிறேன்.

ஞாயிறு பள்ளி அலமாரியின் சாவியை ஆயரம்மாவிடம் கொடுத்துவிட்டேன். வருகைப் பதிவேடு மேல் தட்டில் இருக்கிறது, வண்ண பென்சில்கள் பிஸ்கட் டப்பாவில். புதிதாகப் பொறுப்பேற்பவருக்குச் சில விஷயங்கள்: சாக்கோட்டையிலிருந்து வரும் அண்ணன் தம்பி இருவரும் மினி பஸ்ஸில்தான் திரும்பிப் போக வேண்டும், பாடத்தைப் பத்தே காலுக்குள் முடித்துவிடுங்கள். நடு வகுப்பில் ஒரு பெண் குழந்தைக்கு ஒரு காது கேட்காது; தன் வாயால் சொல்லமாட்டாள், உங்கள் வலப்பக்கம் உட்கார வைத்துக்கொள்ளுங்கள். சின்ன வகுப்பில் அழுதுகொண்டே வருகிறவனை இரண்டு பாட்டு முடியும்வரை ஒன்றும் கேட்க வேண்டாம். மூன்றாவது பாட்டில் அவனே சேர்ந்துகொள்வான்.

கர்த்தருக்குள்,
உங்கள் சகோதரி